தகர வாய்க்காலில் எம்-சீல் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1991இல் மாமனார் கட்டியது. கான்கிரீட் தளம், மேலே சுர்க்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறது. முன்பக்கத் திண்ணைக்கு மட்டும் சீமை ஓட்டுச் சாய்ப்பு. அதன் விளிம்பில் இருபதடி நீளத்துக்குத் தகர வாய்க்கால். மூன்று இடத்தில் ஒழுகுகிறது. தகர வாய்க்காலின் இணைப்பில் சொட்டுகிறது. என் கொழுந்தனார் வருடா வருடம் எம்-சீல் வைக்கிறார், அடுத்த மழைக்குள் பெயர்ந்துவிடுகிறது. சாய்ப்பு வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் சுவர் முழுக்க ஓதம். கூடத்தில் மேல்தளத்தின் ஒரு மூலை, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கசிகிறது. ஹார்டுவேர் கடையில் வெள்ளை சிமெண்ட், சிலிகான் டியூப், அலுமினியத் தாள் ஒட்டிய டேப், வெள்ளைப் பூச்சு வாளி எல்லாவற்றையும் எடுத்து வைத்து ‘எது வேண்டும்’ என்கிறார்கள். ஒரு கான்ட்ராக்டர் மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் தார் ஷீட் ஒட்டச் சொல்கிறார். மாமியார், அந்தக் காலத்தைப் போலக் கடுக்காயும் வெல்லமும் போட்டுப் பூசினால் போதும் என்கிறார். இது ஆவணி. தீபாவளிக்குள் முடிக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

‘வீடு ஒழுகுகிறது, என்ன அடிக்கலாம்’ என்று பொதுவாகக் கேட்காமல், ஒழுகும் இடம் மூன்றையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். ஓட்டுச் சாய்ப்பு மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதை ஒட்டிய சுவரோ அசையாமல் நிற்கிறது. மாடித் தளம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. ஒரே வாளியோ ஒரே டியூபோ இந்த மூன்றுக்கும் ஆகாது.

கடைக்காரர் உங்கள் முன்னால் எடுத்து வைத்ததில் மோசமான பொருள் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஒழுகும் இடம் அசைகிற இடமா, தண்ணீர் ஓடிப்போகிறதா தேங்குகிறதா, அங்கே முன்பு எதை வைத்துப் பூசினார்கள் என்பது தெரிந்துவிட்டால் பொருள் தானாகவே முடிவாகிவிடும். கடையில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடியாது. வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

அதனால் காசை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். மழை இல்லாத நாளாக இருக்கட்டும். ஓர் ஆள் உள்ளே அண்ணாந்து பார்த்தபடி நிற்கட்டும், இன்னொருவர் ஹோஸ் பைப்போடு வெளியே. தண்ணீரைக் கீழிருந்து மேலாகத்தான் விட வேண்டும். முதலில் தகர வாய்க்காலில் மட்டும் இருபது நிமிடம். அப்புறம் ஓட்டின் கீழ் வரிசை. அப்புறம் நடு. அப்புறம் ஓடும் சுவரும் சேரும் இடம். கடைசியாக அதற்கு மேலே உள்ள சுவர். மேலே முதலில் விட்டால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது உள்ளே விட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. அவசரப்படாதீர்கள், ஓதம் உள்ளே தெரியக் கால் மணி நேரம்கூட ஆகலாம். இதில் எங்கே சொட்டுகிறது என்று தெரிந்தால் அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் காட்ட அது வேண்டும்.

இனி தகர வாய்க்கால். உங்கள் கொழுந்தனார் கைவேலையில் குறை ஒன்றும் இல்லை. எம்-சீல் இறுகினால் கல் மாதிரி ஆகிவிடும், அதுதான் அதன் குணம். அசையாத இடத்தில், உதாரணமாக இரும்புக் குழாயின் எல்போவில் ஊசித் துளை விழுந்தால், அதைப் போல நல்ல பொருள் கிடையாது. ஆனால் தகரம் அசைகிறது. இரும்புத் தகரம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். உங்கள் வாய்க்கால் இருபதடி, அதாவது ஆறு மீட்டர். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் தகரம் சித்திரை வெயிலில் 60 டிகிரி வரை போகும், கை வைத்தால் சுடும். அந்த 40 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டு தகரமும் சேரும் இணைப்பில் அந்த இழுப்பு வந்து விழும்போது கல் போன்ற எம்-சீல் என்ன செய்யும்? கொடுத்துப் போகத் தெரியாது, ஓரத்தில் விட்டுவிடும். முடி அளவு சந்து போதும், தண்ணீர் அதற்குள் போய்விடும். வெளியில் பார்த்தால் எம்-சீல் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது போலவே தெரியும்.

ஆகவே இங்கே தேவை ரப்பர் போல இழுபடுகிற பொருள். சிலிகான் ஆகுமா என்றால் ஆகும், ஆனால் எல்லாச் சிலிகானும் ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுத் தகர வாய்க்கால் முழுக்கக் கண்ணாடிக்கு வைக்கிற சாதாரணச் சிலிகானை வைத்தேன். டியூபைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்குமே, அது. இரண்டு மழைக்காலம் கழித்து அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஏணி போட்டு ஏறி ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், ரிப்பன் போல முழு நீளமும் கையோடு வந்துவிட்டது. அடியில் தகரத்தின்மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது போல வெள்ளைத் தூள். அதை விரலால் துடைத்தால் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புத் துரு. ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன், பொத்துக்கொண்டு போய்விட்டது. அந்த நெடி அசிட்டிக் அமிலத்தின் நெடி. சிலிகான் இறுகும்போது அது வெளியேறுகிறது, தகரத்தின்மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தைத் தின்கிறது. துத்தநாகம் போனால் உள்ளே வெறும் இரும்புதானே. அந்த வீட்டுக்கு என் செலவில் புது வாய்க்கால் மாட்டிக் கொடுத்தேன்.

அதனால் டியூபில் ‘நியூட்ரல்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் வினிகர் நெடி வராது. இல்லையென்றால் பாலியூரித்தேன், கடையில் பி.யூ. சீலண்ட் என்பார்கள். அது தகரத்திலும் பிடிக்கும், சிமெண்டிலும் பிடிக்கும், மேலே பெயிண்டும் அடிக்கலாம். சிலிகான்மேல் பெயிண்ட் நிற்காது. பெயிண்ட் மட்டுமல்ல, பழைய சிலிகான்மேல் புதுச் சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. இதைப் பலர் நம்புவதில்லை. ஒழுகுகிறதே என்று பழையதன்மேலேயே இன்னொரு வரி இழுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் வாய்க்காலிலும் முன்பு வைத்த எம்-சீல், சிலிகான், தார் எது இருந்தாலும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் டியூபைத் திறக்க வேண்டும்.

தேய்க்கும்போதே தகரத்தின் நிலைமை தெரிந்துவிடும். இணைப்பின் இரண்டு பக்கமும் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் ரிவெட் தளர்ந்த இடத்தில் புது ரிவெட் அடித்து, இரண்டு தகரமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சீலண்ட் வைத்து இறுக்குங்கள். பிறகு உட்பக்கம் ஒரு வரி இழுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் சொட்டுவது நிற்கலாம், ஆனால் தண்ணீர் மடிப்புக்குள்ளேயே தங்கித் தகரத்தை அரிக்கும். ஒன்றிரண்டு ஊசித் துளை என்றால் அதே தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, அடியில் சீலண்ட் தடவி, ரிவெட் அடித்தால் போதும். ஸ்குரூடிரைவர் நாலு இடத்தில் உள்ளே போகிறதென்றால் ஒட்டுப்போடுவதை விட்டுவிடுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த தகரம் அது, மாற்றிவிடலாம்.

அலுமினிய டேப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறது. ஒன்றின் அடியில் இருப்பது தார். தார் நெடி வரும், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கருப்பாகக் கரையும், சித்திரை வெயிலில் ஓரம் இளகி வழியும். இன்னொன்று பியூட்டைல் ரப்பர். மென்று துப்பிய பபிள்கம் போல இழுபடும், நெடி அவ்வளவாக இருக்காது. விலை கூடுதல். தகரத்துக்குப் பியூட்டைல்தான் என் தேர்வு. நாலங்குல அகலத்தில் வாங்கி, சீலண்ட் வைத்த இணைப்பின்மேல் குறுக்கே ஒட்டி, ஒரு மரக்கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். கையால் மட்டும் தடவினால் ஓரம் எழும்பும். ஈரத்தில் இது துளியும் பிடிக்காது, பனி இறங்கிய காலை நேரத்திலும் வேண்டாம். பத்து மணிக்கு மேல், தகரம் காய்ந்து கொஞ்சம் சூடேறியபின் ஒட்டினால் பசை நன்றாக இறங்கும்.

புதிதாக மாற்றுவதென்றால் பிவிசியில் போடலாமா என்று யோசிப்பீர்கள். துருப்பிடிக்காது, கடலோரத்துக்கு நல்லது. ஆனால் பிவிசி, இரும்பைப் போல ஐந்து மடங்கு நீளும். அதே ஆறு மீட்டரில் அதே 40 டிகிரிக்கு 15 மில்லிமீட்டர் வரை போகும், அதாவது அரை அங்குலத்துக்கும் மேலே. அதனால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டக் கூடாது. கிளாம்புக்குள் வழுக்கிப் போக இடம் விட வேண்டும். இணைப்புக்கு அதற்கென்று வரும் ரப்பர் வாஷர் உள்ள துண்டைப் போட வேண்டும். பெரிய பிவிசி பைப்பை இரண்டாக அறுத்து வாய்க்காலாக மாட்டி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் எம்-சீல் அப்பி வைத்திருப்பதை நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் பார்க்கிறேன். இரும்புத் தகரத்திலேயே நிற்காதது அங்கே எப்படி நிற்கும்?

சீலண்ட் வைப்பதற்கு முன் வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இருபதடிக்கு ஓர் அங்குலமாவது குழாய் இருக்கும் பக்கம் சரிய வேண்டும். நடுவில் ஒரு கிளாம்பு தொய்ந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கும் தண்ணீர் எந்த இணைப்பையும் நாளடைவில் கிளப்பிவிடும். உங்கள் சாய்ப்பு இருபதடிக்குப் பத்தடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குல மழைக்கு அந்த ஓட்டிலிருந்து மட்டும் சுமார் 470 லிட்டர் தண்ணீர் வாய்க்காலில் விழும். ஐப்பசி அடைமழையில் அது ஒரு மணி நேரத்திலேயே விழும். குழாய் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் வாய்க்கால் நிரம்பி, பின் விளிம்பு வழியாக மரச்சட்டத்துக்குப் போகும். அது ஒழுகல் அல்ல, வழிதல். அதற்கு எந்தப் பசையும் மருந்தாகாது.

அடுத்து, சாய்ப்பு சுவரோடு சேரும் இடம். அங்கே இப்போது சிமெண்ட் பூச்சால் ஒரு சரிவு கட்டியிருப்பார்கள், அதில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த பத்துச் சாய்ப்பில் எட்டில் அப்படித்தான். மரம் மழைக்கு ஊறும், வெயிலுக்கு வற்றும், சுவர் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே சிமெண்டை வைத்தால் விரியாமல் என்ன செய்யும். அந்த விரிசலில் சிலிகானை இழுத்தால் ஒரு மழைக்கு நிற்கும். அழுக்கும் தூளும் உள்ள பழைய பூச்சில் சிலிகானுக்குப் பிடிமானம் கிடையாது. டேப்பைச் சுவர்மேல் ஒட்டினாலும் இதே கதைதான்: பூச்சு உதிரும், டேப் அதோடு வரும், தண்ணீர் டேப்பின் முதுகுப் பக்கமாக இறங்கும்.

இங்கே பொருளைவிட முறைதான் பெரிது. ஓட்டுக்கு மேலே ஆறங்குல உயரத்தில் சுவரில் கட்டிங் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்கு நீளமாக ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். தகரத் தகடு ஒன்றை மடித்து அதன் மேல் விளிம்பை அந்தக் காடிக்குள் செருகி, கீழ் விளிம்பு ஓட்டின்மேல் ஐந்தாறு அங்குலம் படியுமாறு விட வேண்டும். காடியை மட்டும் பி.யூ. சீலண்டால் அடைக்க வேண்டும். தகட்டின் கீழ் விளிம்பை ஓட்டோடு ஒட்டக் கூடாது. அது சும்மா படிந்து கிடந்தால் போதும், அப்போதுதான் மரம் அசைந்தாலும் தகடு வழுக்கிக்கொடுக்கும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவது போல, சுவரில் இறங்கும் தண்ணீர் தகட்டின்மேல், தகட்டின் தண்ணீர் ஓட்டின்மேல். தகட்டு வேலைக்கு வெல்டிங் பட்டறையிலேயே மடித்துக் கொடுப்பார்கள்.

ஓடு உடைந்திருந்தால் அதை ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். சீமை ஓட்டின் வசதியே அதுதான். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து வார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றோடொன்று கொக்கி போலக் கவ்விக்கொள்ளும் அச்சு அது. ஒன்றை மட்டும் தூக்கி எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகலாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் அதே அச்சு ஓடு கிடைக்கும், நாலைந்து அதிகமாகவே வாங்கி வையுங்கள். ஓட்டின்மேல் ஏறுகிறவர் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் இருக்கும் இடத்தில், அதாவது ஓடும் ஓடும் படியும் வரிசையில் கால் வைக்கட்டும். நடு ஓட்டில் மிதித்தால் ஒன்றை மாற்றப் போய் மூன்று உடையும்.

மூன்றாவது கூடத்து மூலை. இதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்கப் போகிறேன். மேலே போவதற்கு முன் கீழே பாருங்கள். கசியும் இடத்தில் பூச்சு உப்பியிருக்கிறதா, செம்பழுப்புக் கறை கோடு கோடாகத் தெரிகிறதா, பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா? அப்படியென்றால் தண்ணீர் கம்பியை எட்டிவிட்டது. கம்பி துருப்பிடித்தால் பருமனாகும், அந்த நெருக்கலில் கான்கிரீட் பிளந்து விழும். அந்த நிலையில் மேலே எந்தப் பூச்சும் அடிக்க வேண்டாம், முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஃபேன் கொக்கியோ லைட் பாயிண்டோ பக்கத்தில் இருந்து ஈரம் அதைத் தொட்டால் அந்த சர்க்யூட்டை மெயினில் அணைத்து வையுங்கள்.

வெறும் ஓதம்தான், கறை இல்லை என்றால் மேலே போகலாம். சுர்க்கித் தளம் ஸ்பாஞ்சு மாதிரி. தட்டோட்டின் இடுக்கு எங்கோ திறந்து உள்ளே இறங்கிய தண்ணீர், செங்கல் ஜல்லிக்குள் ஊறி, கான்கிரீட்டின்மேல் வாட்டம் போன பக்கமெல்லாம் போய், பலவீனமான இடத்தில் கீழே இறங்கும். கூடத்து மூலையில் கசிகிறதென்றால் நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டோட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பிடித்திருக்கும் ஓடு ‘டங்’ என்று கல்லாகப் பேசும், அடியில் விட்டுப்போன ஓடு ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும். சந்தேகம் உள்ள மூலையைச் சுற்றி நாலடிக்கு நாலடி களிமண் வரப்பு கட்டி, இரண்டங்குலம் தண்ணீர் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மாடி முழுக்க நிரப்ப வேண்டாம். இரண்டங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இந்தச் சோதனையே கூடாது. உங்களுடையது கான்கிரீட், வரப்புக் கட்டிய அளவுக்குப் பரவாயில்லை.

பெரும்பாலும் குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் அந்த ஒரு கோடுதான், இல்லையென்றால் மழைநீர்க் குழாயின் வாய். இரண்டிலும் செய்முறை ஒன்றே. சேரும் கோட்டில் உள்ள பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, அரை அங்குல அகலத்துக்குக் காடி வெட்டி, தூசி போக ஊதி, அடியில் நுரைக் கயிறு வைத்து, அதன்மேல் கால் அங்குலத் தடிமனுக்குப் பி.யூ. சீலண்ட். நுரைக் கயிறு எதற்கென்றால், சீலண்ட் இரண்டு பக்கச் சுவரைத்தான் பிடிக்க வேண்டும், அடியையும் சேர்த்துப் பிடித்தால் இழுபட முடியாமல் கிழியும். நிறையப் பிதுக்கி ஆழமாக அடைத்தால் நல்லது என்று கொத்தனார்கள் நினைக்கிறார்கள். கூடவே நின்று பாருங்கள். அதன்மேல் மூலையை உருட்டிச் சிமெண்ட் கலவையால் சரிவு கட்டி, தூளும் பாலும் தனித்தனியாக வரும் பாலிமர் சிமெண்ட் பூச்சை இரண்டு கை, நடுவில் ஃபைபர் வலை வைத்து, சுவரில் ஆறங்குலமும் தளத்தில் ஆறங்குலமும் அடிக்க வேண்டும். தட்டோட்டு இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, எஸ்.பி.ஆர். என்கிற செயற்கை ரப்பர் பால் கலந்த சிமெண்ட் கலவையால் மறுபடி பாயிண்டிங் செய்யுங்கள். பொள்ளல் ஓடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.

வெள்ளைப் பூச்சு வாளி, அதாவது அக்ரிலிக் பூச்சு, இதெல்லாம் முடிந்தபின் வேண்டுமானால் அடிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும், கூடம் குளிரும், மயிரிழை விரிசலை மூடும். ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அது ஊறி, தோல் போல உரிந்து வரும். சந்து திறந்திருக்கும் தளத்தின்மேல் அதை மட்டும் அடித்தால் இந்த வருடம் சரியாக இருக்கும், அதோடு சரி. ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் வெயில் ஏறியதும் ஆவி கிளம்பிக் கொப்புளம் போடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைத் தளத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ தளம் கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை.

தார் ஷீட்டை உங்கள் மாடிக்கு நான் சொல்ல மாட்டேன். புதிதாகத் தளம் போடும்போது சுர்க்கிக்கு அடியிலோ, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலோ அது நல்ல வேலை செய்யும். தட்டோட்டின்மேல், ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒட்டினால் இணைப்பு கிளம்பும். வெயிலில் கொதிக்கும், நீங்கள் அதன்மேல் வடகம் காயப்போட முடியாது. பின்னால் மனம் மாறி வெள்ளைப் பூச்சு அடித்தால் தார் பழுப்பாக மேலே ஊறித் தெரியும். ஒருமுறை ஒட்டினால் திரும்பி வருவது கடினம்.

வெள்ளை சிமெண்ட் வேண்டாம். அது பார்வைக்கு அடைத்தது போல இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் சொன்னது வெறும் பழங்கதை இல்லை, அவரிடம் இதைச் சொல்லுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 32க்கு 12.5 என்ற கணக்கில் கலந்து, கடுக்காய் ஊறிய வெல்லத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளங்கள் இன்றும் ஒழுகாமல் நிற்கின்றன. சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு: மெல்லிய விரிசல் விழுந்தால் தண்ணீரும் காற்றும் பட்டு அதுவே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வெல்லம் சுண்ணாம்புக்குத்தான். சிமெண்டில் சர்க்கரைச் சத்து சேர்ந்தால் சிமெண்ட் இறுகாமல் போகும். இப்போது பாயிண்டிங்குக்குச் சிமெண்ட் கலக்கும்போது யாரும் ஆசைக்கு வெல்லத் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது.

கான்ட்ராக்டர்கள் இருவரிடமும் விலை கேட்பதற்கு முன் ‘தண்ணீர் எங்கே நுழைகிறது, காட்டுங்கள்’ என்று மாடிக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். நீங்கள் எடுத்து வைத்த படத்தையும் காட்டுங்கள். குனிந்து தட்டிப் பார்க்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். சதுரடிக் கணக்கு மட்டும் சொல்கிறவரை விட்டுவிடலாம். உங்களுக்குச் சதுரடி வேலையே குறைவு. மூலையும் குழாய் வாயும் சேர்ந்து இருபது முப்பது அடி நீள வேலைதான் பெரும்பாலும்.

நாளைக் கணக்குப் பார்த்தால், வாய்க்காலும் சுவர்த் தகடும் இந்த ஆவணிக்குள் முடிந்துவிடும், இரண்டுக்கும் காய்ந்த ஒரு நாள் கிடைத்தால் போதும். மாடி மூலைக்கு நாலைந்து நாள் தொடர் வெயில் வேண்டும். புரட்டாசியில் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காமல் மழை பிடித்துக்கொண்டால் அவசரத்துக்கு அந்தக் கோட்டில் சிலிகான் வைத்துவிடாதீர்கள், தையில் வேலை செய்ய வரும்போது அதைச் சுரண்டவே ஒரு நாள் போகும். அதுவரை ஒரு தார்ப்பாயை அந்த மூலையின்மேல் விரித்து, ஒரு விளிம்பைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய் வெளிப்பக்கம் தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டுங்கள், உள் விளிம்பை வாட்டம் இறங்கும் பக்கம் விட்டுச் செங்கல் வையுங்கள். சுவரின் உட்பக்கத்தோடு நிறுத்திவிட்டால் சுவரில் வழியும் தண்ணீர் பாய்க்கு அடியில்தான் போகும்.